ஏரிக்கரையில் வெட்டுப்பட்ட காட்சி

போன தவணை ஒரு இரவு நானும் என்ர ரூம்மேட்டும் 'தி எக்ஸோர்சிஸ்ட்' படத்தைப் பற்றிச் சண்டை பிடிச்சம். பக்கத்து அறை அக்கா வந்து கதவைத் தட்டுற அளவுக்குச் சண்டை. கடைசியில பிசாசு வெண்டதா, தோத்ததா என்பதுதான் கேள்வி. வெண்டது எண்டு நான் சொன்னன். இரண்டு பாதர்மாரும் செத்துப் போச்சினம், பிறகென்ன? இல்லவே இல்லை எண்டாள் அவள். "படிக்கட்டில இருந்து அந்த வயசான பாதர், பிசாசு ஏன் இதைச் செய்யுது எண்டு சொல்றாரே, அதைக் கேக்கேல்லையா? கடைசியில பொலிஸ்காரரும் மற்றப் பாதரும் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு போயினமே?" அப்பிடி ஒரு காட்சியே படத்தில இல்லை எண்டு நான் சத்தியம் பண்ணினன். இருக்கு எண்டு அவளும் சத்தியம் பண்ணினாள்.

அடுத்த நாள் இரண்டு பேரின் லப்டொப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது 1973இல் வெளிவந்த பிரதி. அவளிடம் இருந்தது, முன்னர் வெட்டப்பட்ட காட்சிகளைத் திரும்பச் சேர்த்து 2000இல் வெளியிட்ட பிரதி. பெயர் ஒன்று, நடிகர்கள் ஒன்று, பிசாசு மட்டும் வேறு.

எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நான் வரலாறு படிக்கிறவள். ஒரு பழைய நூலைக் கையில் தந்தால் எந்தச் சுவடி, பாடபேதம் உண்டா, எவர் பதிப்பித்தது என்று முதலில் கேட்க எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பிரதியைப் பார்த்தேன் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பேய்ப்படங்களில் இந்தக் கேள்விக்குக் கனம் கூட. கதையில் வருவது மனிசர் என்றால் எங்களுக்குத் தெரிந்த மனிசரை வைத்து மிச்சத்தை நிரப்பிக்கொள்ளலாம். பேயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது திரையில் காட்டியது மட்டும்தான். அதில் பத்து விநாடியைக் கழற்றினால் நிற்பது வேறொரு பேய்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 1931இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்'. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். உருவமாக நடித்தவர் போரிஸ் கார்லொஃப். செத்தவர்களின் உடல்களைத் தைத்து ஆய்வுகூடத்தில் உயிர் கொடுத்ததை "பேய்" என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கட ஊரில் செத்தது எழும்பி நடந்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது, ஆனபடியால் விட்டுவிடுவோம்.

பிரச்சினைக்குரிய காட்சி இது. உருவம் தன்னைச் சிறை வைத்த இடத்திலிருந்து தப்பி ஓடுகிறது. ஒரு ஏரிக்கரையில் மரியா என்ற சின்னப் பிள்ளை தனியே விளையாடிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் வேலையாகப் போயிருக்கிறார். பற்றைக்குள்ளால் வெளியே வரும் இந்த உருவத்தைக் கண்டு படத்தில் முதன்முறையாக ஒருவர் பயப்படாமல் நிற்கிறார் என்றால் அது அந்தப் பிள்ளைதான். தன் பெயரைச் சொல்கிறாள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்துகிறாள், பூக்களில் பாதியைக் கொடுக்கிறாள். பூவைத் தண்ணீரில் எறிந்தால் ஓடம் போல மிதக்கும் என்று காட்டுகிறாள். உருவமும் எறிகிறது. அது சிரிக்கிறது. கார்லொஃபின் அந்தப் பென்னாம்பெரிய கைகளில் அந்தச் சின்னப் பூக்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

பிறகு பூ முடிந்துவிடுகிறது. உருவம் வெறுங்கையைப் பார்க்கிறது. பிள்ளையைப் பார்க்கிறது. அவளைத் தூக்கித் தண்ணீரில் எறிகிறது. அவள் மிதக்கவில்லை. அது பதறிப்போய், என்ன நடந்தது என்று விளங்காமல், தட்டுத்தடுமாறி அங்கிருந்து போகிறது.

கார்லொஃபுக்கே அந்த எறிதல் பிடிக்கவில்லை. பூவை விட்டது போலவே பிள்ளையையும் மெதுவாகத் தண்ணீரில் விட வேண்டும், அவள் தாழும்போது அது திகைக்க வேண்டும், அப்போதுதான் அதன் அறியாமை முழுதாகத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். தலைக்கு மேலே தூக்கி எறிவது வேண்டுமென்றே செய்த கொடுமை போல ஆகிவிட்டது என்று பல வருடங்களுக்குப் பிறகும் அவர் குறைப்பட்டார். வேல் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இதில் கார்லொஃபின் பக்கம் நிற்கத்தான் மனம் வருகிறது. ஆனாலும் எறிந்த பிறகு அந்த முகத்தைப் பார்த்த எவரும் அதைக் கொலைகாரன் என்று சொல்லிவிட மாட்டார்கள்.

அந்த முகத்தைத்தான் பார்க்க விடவில்லை.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் படத்துக்குப் பேச்சுச் சுதந்திரம் கிடையாது. 1915இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், படம் காட்டுவது வெறும் வியாபாரம், அரசியலமைப்பின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்திருந்தது. 1952 வரைக்கும் அதுதான் நிலைமை. ஆகவே மாநிலங்கள் தங்கள் தங்கள் தணிக்கைச் சபைகளை வைத்துக்கொண்டு விரும்பிய இடத்தில் வெட்டலாம். 'பிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தபோதே சில மாநிலங்கள் ஏரிக்காட்சியில் கத்தரி வைத்தன. ஹொலிவூட் தானே தனக்கு எழுதி வைத்த ஒழுக்கக்கோவை 1934இலிருந்து கடுமையாக நடைமுறைக்கு வந்தது. 1938இல் யுனிவர்சல் இந்தப் படத்தை 'ட்ரகுலா'வோடு சோடியாக மறுபடி திரையிட்டபோது அந்தக் கோவையின்படி வெட்டித்தான் வெளியிட வேண்டி வந்தது. 1957இல் யுனிவர்சலின் பழைய பேய்ப்படங்கள் தொகுதியாகத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவில் ஒரு முழுத் தலைமுறை வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்ததும் வெட்டுப்பட்ட பிரதியைத்தான். 1980களில் இங்கிலாந்தின் தேசியத் திரைப்படச் சேமிப்பகத்திலிருந்து காணாமல் போன துண்டு எடுக்கப்பட்டுத் திரும்பச் சேர்க்கப்பட்டது. 1938இலிருந்து கணக்குப் பார்த்தால் அண்ணளவாக அரை நூற்றாண்டு.

அந்த அரை நூற்றாண்டும் ஆட்கள் பார்த்தது என்ன? உருவம் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டுகிறது. வெட்டு. கொஞ்ச நேரம் கழித்து, ஊரில் கலியாணக் கொண்டாட்டம். ஆட்டமும் பாட்டுமாக இருக்கிற தெருவுக்குள் தகப்பன் செத்த பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார். அவருடைய முகத்தைக் கண்டு சனம் ஒவ்வொருத்தராக ஆட்டத்தை நிறுத்துகிறது.

நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். தனியே நின்ற சின்னப் பெண்பிள்ளை. அவளை நோக்கி நீளுகிற பெரிய கைகள். பிறகு பிணம். கொடுமையைக் காட்டக்கூடாது என்று வெட்டினார்கள். வெட்டினபடியால் படத்தில் இல்லவே இல்லாத ஒரு கொடுமை பார்க்கிறவனின் மனதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. படத்தைப் பற்றி எழுதிய பலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நான் இதை ரூம்மேட்டிடம் பரிசோதித்தும் பார்த்தேன். கை நீளுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து தகப்பன் வரும் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். "சீ, அந்தப் பிள்ளையை அவன் என்ன செய்தவன்?" எண்டு கேட்டாள். பிறகு விட்ட துண்டைப் போட்டுக் காட்டினேன். கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. "அவனுக்கு விளங்கேல்லை என்ன?" எண்டு மட்டும் சொன்னாள். "அவன்" என்ற சொல் மாறவில்லை, சொன்ன குரல் மாறியிருந்தது.

1938இல் வெட்டினது இதை மட்டும் என்றால் ஒரு தவறு என்று விட்டுவிடலாம். வேறு என்னென்ன போயிற்று என்று பார்க்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உதவியாள் ஃபிரிட்ஸ் சங்கிலியில் கட்டிய உருவத்தைத் தீப்பந்தத்தால் வெருட்டிச் சித்திரவதை செய்யும் காட்சியில் கிட்டத்திலிருந்து எடுத்த பகுதிகள் போயின. உருவத்துக்கு ஊசி ஏற்றுவதைக் கிட்டக் காட்டிய துண்டு போயிற்று. அதற்கு உயிர் வந்த நேரம் டொக்டர் பிராங்கன்ஸ்டைன் தன்னைக் கடவுளோடு ஒப்பிட்டுக் கத்துகிற வசனத்தை இடிச்சத்தத்தால் மூடிவிட்டார்கள்.

இப்போது இதை ஒரு வழக்காக நினைத்துப் பாருங்கள். இந்த உருவம் ஏன் கொல்கிறது என்பதற்கு வேலின் படம் இரண்டு காரணங்களை வைத்திருக்கிறது. ஒன்று மூளை. ஃபிரிட்ஸ் நல்ல மூளை இருந்த போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையைக் களவெடுத்துக்கொண்டு வருகிறான். அதாவது பிறப்பிலேயே கெட்டது. மற்றது, அதை நடத்திய விதம். செய்தவன் கைவிட்டான், காவல் நின்றவன் நெருப்பால் சுட்டான், படித்தவர்கள் ஊசி ஏற்றினார்கள். படம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது, தீர்ப்புச் சொல்வதில்லை. 1938இல் வெட்டியவை அத்தனையும் இரண்டாவது காரணத்தின் சாட்சிகள். அது பட்ட வேதனை போயிற்று, அதன் அறியாமை போயிற்று, செய்தவனின் ஆணவம் போயிற்று. போத்தலில் இருந்த மூளை மட்டும் அப்படியே நின்றது. ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போனவர்கள், பிறப்பிலேயே கெட்டவன் என்ற தீர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். பார்க்க மனம் பதறுகிற துண்டுகளை எடுத்தார்கள். பார்க்க மனம் பதறுகிற துண்டுகளில்தான் இரக்கமும் இருந்தது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு, அதை அவ்வளவாக ஒருவரும் கவனிப்பதில்லை. மேரி ஷெல்லியின் நாவல் 1818இல் வந்தது. அதில் உருவம் ஆற்றில் விழுந்த ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றுகிறது, அதற்குச் சம்பளமாகத் துப்பாக்கிச் சூடு வாங்குகிறது. 1931 படம் அதைத் தலைகீழாக்கியது. 1935இல் 'பிரைட் ஒஃப் பிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது வேல் நாவலுக்குத் திரும்பிப் போனார். உருவத்தைக் கண்டு பயந்து தண்ணீருக்குள் விழுந்த இடைச்சியை அது தூக்கிக் காப்பாற்றுகிறது. அவள் கத்துகிறாள், வேட்டைக்காரர் வந்து சுடுகிறார்கள். முதற்படத்து ஏரியை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் காட்சியின் அர்த்தமே வேறு. தண்ணீருக்குள் போனால் மனிசர் தாழ்ந்துபோவார்கள் என்று அது படித்துவிட்டது. ஒரு பிள்ளை செத்துப் படித்த பாடம். 1938க்குப் பிறகு பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு காட்சிகளையும் இணைக்கிற கயிறு இல்லாமல் போயிற்று.

ஆனால் வெட்டுப்பட்ட இடம் எப்போதும் நட்டம்தானா? ஸ்பானிய இயக்குநர் விக்தோர் எரிசே 1973இல் எடுத்த 'தேன்கூட்டின் ஆவி'யைப் பார்த்த பிறகு அப்படி முடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கதை 1940இல் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம். கஸ்தீலியாவில் ஒரு சின்னக் கிராமத்துக்கு லொறியில் 'பிராங்கன்ஸ்டைன்' படம் வருகிறது. பொது மண்டபத்தில், வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டுச் சனம் பார்க்கிறது. ஆனா என்ற ஆறேழு வயதுப் பிள்ளையும் பார்க்கிறாள். எங்களுக்கு எரிசே காட்டுவது ஏரிக்கரையில் பூவையும், பிறகு பிள்ளையை ஏந்தி வரும் தகப்பனையும்தான். கொலை இல்லை. அந்த ஓட்டைக்குள்ளால்தான் முழுப் படமும் போகிறது. ஏன் அவளைக் கொன்றது, பிறகு ஏன் அதையும் கொன்றார்கள் என்று ஆனா தமக்கையைக் கேட்கிறாள். வீட்டில் பெரியவர்கள் ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. தோற்றுப்போன பக்கத்தைப் பற்றி வாய் திறக்க ஏலாத காலம். பிறகு ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த கட்டடத்தில், ஓடி ஒளிந்திருக்கும் காயப்பட்ட ஒருவனை அவள் காண்கிறாள். பயப்படவில்லை. தன் கையில் இருந்த அப்பிள் பழத்தை நீட்டுகிறாள், மரியா பூவை நீட்டியது போல. அவனை ஓர் இரவு சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதையும் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம், துவக்கு வெடிக்கும் வெளிச்சம் மட்டும்.

போருக்குப் பிந்திய ஊரில், காட்டாமல் விட்டதைப் பற்றிக் கேட்கிற பிள்ளை. இந்தப் படத்தை யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு மண்டபத்தில் போட்டால் விளக்கம் சொல்லத் தேவைப்படாது.

தணிக்கைக்காரரின் கத்தரி ஒரு நாட்டில் வெட்டினதை இன்னொரு நாடு வைத்திருப்பதும் உண்டு. 1958இல் பிரித்தானிய ஹாமர் நிறுவனம் எடுத்த 'ட்ரகுலா'வில் கிறிஸ்ரோபர் லீயின் கோமகன் மீனாவின் அறைக்குள் வந்து, கடிப்பதற்கு முன் அவளுடைய முகத்தோடு முகம் உரசுகிற சில கணங்கள் இருந்தன. கடைசியில் வெயில் பட்டு அவன் அழியும்போது தன் முகத்துத் தோலைத் தானே கிழிப்பதும் இருந்தது. லண்டன் தணிக்கையில் இரண்டும் போயின. 2011இல் தோக்கியோவின் தேசியத் திரைப்பட நிலையத்தில் பழைய யப்பானியப் பிரதியின் சுருள்கள் கிடைத்தன, 2012இல் அந்தத் துண்டுகள் சேர்ந்தன. சில விநாடிகள்தான். ஆனால் அந்த முக உரசல் இல்லாவிட்டால் அவன் ஒரு ஓநாய், வந்தான், கடித்தான். இருந்தால் அவன் அழைக்கிறான், அவளும் முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் காலத்துத் தணிக்கைக்கு எது பயமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. இரத்தத்தை விட அது.

இனி எங்கட சண்டைக்கு வருகிறேன். 'தி எக்ஸோர்சிஸ்ட்' விஷயத்தில் வெட்டியது அரசோ தணிக்கையோ இல்லை. படத்தை இயக்கிய வில்லியம் ஃப்ரீட்கினே வெட்டினார். எதிர்த்தவர் நாவலையும் திரைக்கதையையும் எழுதித் தயாரிப்பாளராகவும் இருந்த வில்லியம் பீற்றர் பிளாட்டி. இரண்டு சிநேகிதர்களுக்கு நடுவில் வந்த வழக்கு. ரீகன் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குள் பிசாசு புகுந்திருக்கிறது. மெறின், கராஸ் என்ற இரண்டு பாதர்மார் அதை ஓட்ட வருகிறார்கள். நடுவில் களைத்துப்போய்ப் படிக்கட்டில் இருக்கும்போது கராஸ் கேட்கிறார்: ஏன் இந்தப் பிள்ளை? மெறின் சொல்கிற பதிலின் சாரம் இதுதான். குறி அந்தப் பிள்ளை இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிற நாங்கள். மனிசர் வெறும் மிருகம், அருவருப்பானது, கடவுள் நேசிக்கத் தகுதியற்றது என்று எங்களையே நம்பவைத்து, நம்பிக்கையை விடச் செய்வதுதான் அதன் நோக்கம்.

பிளாட்டிக்கு இது படத்தின் இருதயம். கத்தோலிக்கரான அவர் நாவலை எழுதினதே இதற்காகத்தான். ஃப்ரீட்கினுக்கு இது தேவையில்லாத பிரசங்கம். படம் காட்டிவிட்டதை வாயால் திரும்பச் சொல்வானேன் என்பது அவருடைய கட்சி. அதனால் 1973இல் அந்த உரையாடல் இல்லை. பொலிஸ் அதிகாரியும் மிஞ்சிய பாதரும் சேர்ந்து நடந்துபோகிற முடிவும் இல்லை. கராஸ் பிசாசைத் தன் உடம்புக்குள் அழைத்து ஜன்னலால் பாய்ந்து சாகிறார். குதித்தது கராஸா, தள்ளியது பிசாசா என்று தியேட்டரை விட்டு வெளியே வந்த சனம் விவாதித்தது. பிசாசு வென்றுவிட்டது என்று பலர் நினைத்தது பிளாட்டிக்குப் பெரிய மனவருத்தம். நான் நினைத்ததும் அதைத்தான், எனவே அவருக்கு மனவருத்தம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது இரண்டையும் பார்த்த பிறகு சொல்கிறேன். 1973இன் பிசாசுக்குக் காரணம் இல்லை. அது ஏன் வந்தது, ஏன் அந்த வீடு, ஏன் அந்தப் பிள்ளை, ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு வருத்தம் வருவது போல வருகிறது. 2000இன் பிசாசுக்கு நோக்கம் இருக்கிறது, நோக்கம் இருக்கிறதென்றால் அது தோற்கவும் முடியும். நோக்கம் நிறைவேறாமல் போவதுதானே தோல்வி. கராஸ் கடைசியில் விரக்தி அடையவில்லை, அந்தப் பிள்ளைக்காக உயிரைக் கொடுக்கிறார், ஆகவே பிசாசு தோற்றது. ரூம்மேட் சொன்னது அவளுடைய பிரதிப்படி நூற்றுக்கு நூறு சரி. நான் சொன்னது என்னுடைய பிரதிப்படி சரி. இதில் அசல் எது? முதலில் வெளிவந்ததா, எழுதியவர் விரும்பியதா? சுவடி என்றால் பழையதைத் தேடுவோம். இங்கே பழையது, அதாவது முதலில் எழுதப்பட்டது, பிந்தி வந்த பிரதியில்தான் இருக்கிறது.

2000 பிரதியில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. வீட்டுச் சுவர்களில் பிசாசின் முகம் மின்னி மறையும்படி கணினியால் சேர்த்திருக்கிறார்கள். 1973இலும் அந்த வெள்ளை முகம் கண் இமைக்கும் நேரத்துக்கு வரும், ஆனால் கண்டேனா இல்லையா என்ற சந்தேகத்தோடு விட்டுவிடும். 2000இல் நல்லாவே கண்டுவிடுகிறோம். ரீகன் உடம்பை மல்லாத்தி வளைத்துச் சிலந்தி போலப் படியிறங்குகிற காட்சியும் இப்படித்தான். அன்று கயிறுகள் தெரிந்தது ஒரு பக்கம், கதையில் மிக முந்தி வருகிறது என்பது மறுபக்கம் என்று ஃப்ரீட்கின் அதை எடுத்துவிட்டார். பின்னர் கயிறுகளைக் கணினியால் அழித்துச் சேர்த்தார்கள். யூடியூப்பில் அதைத் தனியே பார்த்தால் மயிர் கூச்செறியும். படத்துக்குள் பார்த்தால், அதற்குப் பிறகும் தாய் டொக்டர்மாரிடம் ஓடித் திரிவது எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவையும் கண்ட எங்கட அம்மா என்றால் அன்றிரவே கோயிலுக்குக் கொண்டு ஓடியிருப்பா.

டொக்டர் என்றதும் ஒரு சின்ன விஷயம். 1973 பிரதியில், விருந்து நடந்த இரவு, டொக்டர் சொன்னது போல இது நரம்புக் கோளாறுதான் என்று தாய் ரீகனிடம் சொல்வார். ஆனால் அதற்கு முன் நாங்கள் எந்த டொக்டரையும் காணவில்லை. அந்தப் பரிசோதனைக் காட்சி வெட்டுப்பட்டுவிட்டது, அதைச் சுட்டிய வசனம் மட்டும் அனாதையாக நின்றது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு காட்சி வந்து சேர்ந்தது. வெட்டுகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி ஒரு நூல் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும். சாசனம் படிக்கிறவர்களுக்கு இது பழகின சந்தோசம்.

கடைசியாக, திரும்பி வரவே வராத ஒன்று. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' 1980 மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. பனியில் அடைபட்ட ஹோட்டலில் ஜாக் என்ற எழுத்தாளர் மதிகெட்டு, மனைவி வெண்டியையும் மகன் டானியையும் கொல்லத் துரத்துகிறார். பேய்களின் வேலையா, ஜாக்கின் மனதுக்குள் ஏற்கனவே இருந்ததா என்பதுதான் படத்தின் முடிச்சு. அமெரிக்கப் பிரதியில், குடிவெறியில் ஜாக் மகனின் கையை முறுக்கித் தோள்மூட்டை விலக்கிய கதையை வெண்டி ஆரம்பத்திலேயே ஒரு டொக்டரிடம் சொல்கிறாள். ஐரோப்பாவுக்காகக் குப்ரிக் படத்தை 25 நிமிடமளவில் குறைத்தபோது அந்த டொக்டர் காட்சி முழுதும் போயிற்று. அங்கே இந்தச் செய்தி பிந்தித்தான் வருகிறது, அதுவும் ஜாக்கின் வாயால், பேய்க் கடையில் மதுவை முன்னால் வைத்துக்கொண்டு, தற்செயலாக நடந்தது என்ற மாதிரி. முதற்பிரதியில், அடிக்கிற தகப்பன் ஒருவனை ஹோட்டல் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறது. மற்றதில், சாதாரண ஒருவனை ஹோட்டல் கெடுக்கிறது என்று அரைவாசிப் படத்துக்கு நம்பிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குள் நடக்கிற அடியைப் பேயின் தலையில் போடுவது எவ்வளவு சுகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் நான் நீளமான பிரதியின் பக்கம்.

அந்த அமெரிக்கப் பிரதியிலும் ஒரு துண்டு இல்லை. முதல் நாட்களில் பார்த்தவர்களுக்கு, ஜாக் பனியில் உறைந்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. ஹோட்டல் முகாமையாளர் உல்மன், வெண்டியைப் பார்க்க வருகிறார். அங்கே வழமைக்கு மாறாக ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை என்கிறார். போகும்போது டானியிடம் ஒரு டென்னிஸ் பந்தை எறிகிறார். ஹோட்டல் நடைபாதையில் ஆளில்லாமல் டானியை நோக்கி உருண்டு வந்த பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். படம் வெளிவந்து ஒரு வாரமளவில் குப்ரிக் மனம் மாறி, ஓடிக்கொண்டிருந்த பிரதிகளிலிருந்தே அந்தக் காட்சியை வெட்டி எடுக்கச் செய்தார். இன்றைக்கு மிஞ்சியிருப்பது திரைக்கதைத் தாள்களும் சில படங்களும் மட்டும்.

உல்மனுக்கு எல்லாம் தெரியும், அவரும் அந்தப் பேய்களின் ஆள்தான் என்கிறாள் ரூம்மேட். பந்து என்றால் பந்துதான், விட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து கொடுத்த மனிசன் என்கிறேன் நான். இந்த முறை லப்டொப்பைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. "இல்லாத காட்சிக்கெல்லாம் என்னடி சண்டை, லைற்றை நூத்துப்போட்டுப் படுங்கோ" எண்டு பக்கத்து அறை அக்கா திரும்பவும் வந்து கதவைத் தட்டினா.